குருசாமி அண்ணாச்சி விட்டுக்கொடுத்த நாற்காலி

கார் பந்தயம் தொடங்கினால் குருசாமி அண்ணாச்சி கண்ணை மூடிக்கொள்வார். தெரியாதவர்கள் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். முப்பது விசைத்தறி ஓடும் கூடத்தில் ஒன்று இடறினாலும், எது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுகிற தறிக்காரர் காது அது. இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த வண்டி ஜெயிக்கும் என்பார். பாதிக்கு மேல் பலித்துவிடும். அந்தத் தெனாவட்டைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மெட்ராஸ் பக்கம் சோழவரத்துக்குக் கார் பந்தயம் பார்க்க ரயிலேறிய மனுஷர். அவர் மனைவி வள்ளித்தாய் அக்கா இன்றுவரை அதை மறக்கவில்லை. வீட்டு டிவியில் பந்தயம் இரைந்தால் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அதனால் அண்ணாச்சி என் கடைக்கு வர ஆரம்பித்தார்.

சங்கரன்கோவிலில் நான் பேட்டரி ஸ்கூட்டர் கடை வைத்திருக்கிறேன். டிவிக்கு நேரே கைவைத்த நாற்காலி ஒன்று கிடக்கும். அது அண்ணாச்சிக்குத்தான். கடைக்குச் சொந்தக்காரன் நான் ஸ்டூலில் உட்காருவேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேண்டுமென்றே மின்சாரக் கார் பந்தயத்தைப் போட்டேன்.

“என்னவே பாய், கொசு கத்துத மாதிரி இருக்கு. இதெல்லாம் ஒரு ரேஸா?”

“யாரு ஜெயிப்பான்னு சொல்லுங்க அண்ணாச்சி. தப்பாச் சொன்னா இனிமே அந்தச் சேர்ல உக்காரக் கூடாது.”

கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீசையைத் தடவியபடி ஒப்புக்கொண்டார். கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. முன்னால் போன சிவப்பு வண்டியைக் கைகாட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வள்ளித்தாய் அக்கா ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட வந்தார். கரிவலம்வந்தநல்லூரில் அங்கன்வாடி டீச்சர், தினமும் அதில்தான் போய்வருகிறார். இரைச்சல் இல்லாததால் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

“பேருக்குப் பக்கத்துல என்ன பாய் நம்பரு?”

“மிச்சம் இருக்க சார்ஜ் அக்கா. எல்லாருக்கும் ஒரே அளவுதான் குடுத்திருக்கான்.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்பம் செவப்பு வண்டி தேறாது. ஒம்பதுதான் இருக்கு. நாலாவதா வாரானே பச்சை, அவன் பதினாலு வச்சிருக்கான். முன்னால போறவன்தான காத்தை எல்லாம் வாங்குதான். ஆடி மாசம் எதிர்காத்துல நான் பஸ்ஸுக்குப் பின்னாலயேதான் போவேன். இல்லைன்னா பாதி ரோட்டுல நிக்கணும்.”

“இவ ரேஸ் ஓட்டுதாளாம்,” என்று அண்ணாச்சி சிரித்தார்.

நாலு சுற்று பாக்கி. பச்சை மூன்றாவதாக வந்தான். அடுத்த வளைவில் உள்பக்கமாக நுழைந்து இரண்டாவதானான். சிவப்புக்காரனிடம் மூன்று சதவீதம், இவனிடம் ஏழு. நான் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டேன். அண்ணாச்சி கண்ணைத் திறந்துவிட்டார். திறந்த கண்ணை அப்புறம் மூடவே இல்லை.

கடைசிச் சுற்றில் சிவப்பு இழுக்க முடியாமல் திணறியது. பச்சை பக்கத்தில் வந்தது.

“அமுக்குலே, அமுக்கு, விட்டுராத,” என்று ஒரே கத்தல். கத்தியது அண்ணாச்சி. தான் தோற்கப்போவது அவருக்கு ஞாபகமே இல்லை. பச்சை எல்லைக்கோட்டைத் தாண்டும்போது மனுஷர் நாற்காலியை விட்டு எப்போதோ எழுந்து, டிவிக்கு முன்னால் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, சேரு போச்சே,” என்றேன்.

“போனாப் போகுதுவே. அடுத்த ரேஸ் எப்பம்?” சோழவரத்துக்கு ரயிலேறிய பையனை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

பதினைந்து நாள் கழித்து அடுத்த பந்தயம். அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார், கூடவே அக்காவும். நாற்காலியைத் துண்டால் துடைத்து அக்காவை உட்காரவைத்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டார்.

“உக்காரக் கூடாதுன்னுதான சொன்னீரு. நின்னு பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே.”

பந்தயம் தொடங்கியது. அண்ணாச்சி குனிந்தார். “ஏட்டி, நம்பரு எனக்குத் தெரிய மாட்டேங்கு. யாருக்கு எவ்வளவுன்னு சொல்லிக்கிட்டே இரு.”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சத்தம் போடாம நில்லுங்க,” என்றார்.