மூணு பொரிச்சிருச்சு

எங்கள் செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்த வாரத்தில்தான், அம்மாவின் தம்பியான என் மாமு, ஓலைக் கொட்டானில் ஏழு வாத்து முட்டைகளோடு வந்தார். ஆனையூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வந்தவர்களிடம் வாங்கினாராம். மாசமாக இருந்த அக்காவுக்கு அவித்துக் கொடுக்கச் சொன்னார். அக்காவோ வாடையே ஆகாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்ப கோழிக்கு வைப்போம் மாமு!" என்று நான் குதித்தேன். எனக்கு எட்டு வயது. யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. கோரிப்பாளையத்தில் எங்கள் சந்தில் அதுவரை யார் வீட்டிலும் வாத்து கிடையாது. அந்த நினைப்பிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடிக்கு முட்டை கெடாமலிருக்க ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் செருகி, மாமு கோழியை உட்கார வைத்தார். "கோழி முட்டைக்கு மூணு வாரம். இதுக்கு நாலு வாரம். அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தினமும் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டேன். கையை நனைத்து முட்டைகளின் மேல் தெளித்து, அவற்றைத் திருப்பிவிட்டேன். கோழியிடம் கொத்தும் வாங்கினேன்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் யாரும் போய் அழைத்து வரவில்லை. ஒரு மத்தியானம் தனியாக ஜட்கா வண்டியில் வந்து இறங்கினாள். மாமியாரோடு ஏதோ வாக்குவாதம், அக்காவின் கணவரான மச்சான் தன் அம்மா பக்கம் பேசிவிட்டார் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்து நான் தெரிந்துகொண்டது. மச்சானுக்குச் செல்லூரில் நூல் கடை. நடந்தே வந்துவிடலாம். இரண்டு மாதமாக அவர் எட்டிப் பார்க்கவில்லை. எங்களைப் பெற்ற அத்தாவும் போய்க் கேட்க மாட்டேன் என்று வீம்பாக இருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம், மச்சான் வராததால் அவர் வாங்கிவரும் அல்வாவும் வரவில்லை என்பதுதான்.

இருபத்து நாலாவது கோட்டோடு கோழிக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து உதறிக்கொண்டு கொல்லைக்குப் போனது, போனதுதான். பிடித்து வந்து மூன்று முறை உட்கார வைத்தேன். மூன்று முறையும் ஓடியது. நான் வாய்விட்டு அழுதேன்.

"கூமுட்டைக்கு இம்புட்டு அழுகையா? தூக்கி ஆத்துல போடுடி" என்றாள் அம்மா.

அப்போது உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கூடைய இங்க கொண்டா."

அவள் முட்டைகளைப் பழைய சேலையில் சுற்றித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அது அனல் அடிக்கும் சித்திரை. உமியை வறுத்து அடியில் போட்டோம். படுத்தால் வயிற்றோடு அணைத்தபடி படுத்தாள், முட்டைகளை என்னைவிட ஒழுங்காகத் திருப்பிவிட்டாள். மூன்றாம் நாள் ஒரு முட்டையைக் காதில் வைத்தவள் கண்கள் விரிய, "உள்ள ஒதைக்குதுடி!" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் சாயங்காலம் ஓடுகளில் விரிசல் கண்டது. விடிந்து பார்த்தால் சேலைக்குள் ஈரமும் மஞ்சளுமாக மூன்று உயிர்கள் தட்டை மூக்கை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அதற்கு மேல் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெருவுக்குப் பாய்ந்தேன்.

"பொரிச்சிருச்சு! எங்க அக்காகிட்ட மூணு பொரிச்சிருச்சு!"

முச்சந்தியில் சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜட்காக்காரர், அக்காவை அன்று கொண்டுவந்து விட்டவர், கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்.

"என்னம்மா சொல்ற? மூணா?"

"மூணுண்ணே! இன்னும் நாலு இருக்கு!"

பொரிச்சது அவர் காதில் பொறந்ததாகத்தான் விழுந்திருக்க வேண்டும். "யா அல்லா!" என்று வானத்தைப் பார்த்தவர், குதிரையைச் செல்லூர்ப் பக்கம் விரட்டினார்.

நான் வீடு திரும்புவதற்குள் தெருப் பெண்கள் சந்தில் நெருக்கியடித்தார்கள். ஒருத்தி வெந்நீர் போடு என்றாள், ஒருத்தி மருத்துவச்சி எங்கே என்றாள். விஷயம் விளங்கியதும் சிரிப்பும் திட்டுமாகக் கலைந்து போனார்கள். அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். நான் அக்காவின் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அடி விழும் முன்னால் வாசலில் ஜட்கா வந்து நின்றது. மச்சான் இறங்கி ஓடி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. தலையில் தொப்பி இல்லை. சட்டையெல்லாம் பஞ்சும் நூலும் ஒட்டியிருந்தன. உள்ளறை நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். அக்கா நிறைவயிற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள், மடியில் மூன்று குஞ்சுகள்.

"மூணுன்னு சொன்னாங்க..." என்றார்.

"மூணுதான்" என்றாள் அக்கா. சிரிக்கப் போனவள் சட்டென்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகலயே?"

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கையிலிருந்த விளக்குமாறு எப்போது கீழே போனதென்று தெரியாது. "மாப்பிள்ளை வந்திருக்காக, கறி வாங்கிட்டு வாங்க" என்று அவள் அத்தாவை விரட்டும் சத்தம்தான் கேட்டது. போகிற போக்கில் என் வாயில் ஒரு பிடி சீனியையும் போட்டுவிட்டுப் போனாள்.

மச்சான் இரண்டு நாள் தங்கினார். மற்ற நாலு முட்டைகளில் மூன்று பொரித்தன, ஒன்று கூமுட்டை. அடுத்த மாதம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, ஒன்றே ஒன்று. அன்று நான் கத்தியும் தெருவில் யாரும் நம்பவில்லை.

வாத்துக்குஞ்சு பொரித்த செய்தி கேட்டுக் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்த மச்சான் இந்த மதுரையில் எனக்கு மட்டும்தான் என்று பள்ளிக்கூடத்தில் பல நாள் பெருமையடித்துக்கொண்டேன். ஒரே ஒரு மனக்குறை. அவ்வளவு ஆசையாக ஓடி வந்தவர், நான் கையில் வைத்த குஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நாங்கள் தினமும் பார்க்கிற என் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு அன்று கொஞ்சமும் பிடிக்கவில்லை.