வெளிவளைவில் ஒரு வீடு

"ஏனம்மிணி, பத்தாவது படிச்சுப்போட்டா ஆறு உன்னெக் கேட்டுட்டுத்தான் திரும்புமாக்கு?"

சித்தப்பா இப்படிக் கேட்டது, கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே ஆறு வளையும் இடத்தில் புது வீட்டுக்குக் கயிறு பிடித்து அளந்த அன்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, மறைக்கவும் இல்லை.

"கேக்காதுங்க சித்தப்பா. அதுனாலதான் அங்க வேண்டாங்கறேன்."

"சித்திரையிலயும் இடுப்பளவு தண்ணி நிக்குது. இப்படி எடம் வேறெங்க கெடைக்கும்?"

எங்கள் பக்கத்தில் மனை பார்ப்பது அப்படித்தான். கோடையில் ஆறு வற்றாத இடத்தில் கிணறு. கிணற்றை ஒட்டி வீடு. தண்ணீர் ஏன் அங்கே மட்டும் நிற்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. வளைவின் வெளிக்கரையில்தான் வெள்ளம் வேகமாக மோதும். அடிமண்ணை அறுத்துக் குழியாக்கும். மேலிருந்து அடித்து வரும் மணலை வேகம் குறைந்த எதிர்க்கரையில் இறக்கிவிடும். எதிர்க்கரை வருடாவருடம் நீண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த மணலில் யாரோ வெள்ளரி போட்டிருந்தார்கள். பள்ளிப் புத்தகத்தில் படித்த இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"அந்தப் புஸ்தகம் எழுதுனவன் நம்ம ஆத்துல ஒருநா முங்கியிருப்பானா?" என்றார் சித்தப்பா. சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீடு எழுந்தது. அதில் ஒரு குழந்தையும் பிறந்தது.

மறு வருடம் ஆனியில் மழை பிடித்தது. கரை இடியும் சத்தம் பெரிதாக இருக்காது. துணி மூட்டையைத் தண்ணீரில் போட்டதுபோல ஒரு 'தொப்'. பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது. கரையோரத் தென்னை ஒன்று காற்றே இல்லாமல் ஆற்றுப்பக்கம் சாய்ந்தது. ஆற்றில் செம்மண் கலந்து வந்த அன்றே கிணற்றுத் தண்ணீரும் சிவந்தது. சமையலறைக்குப் பின்னால் தரையில் கோடாக ஒரு வெடிப்பு விட்டது. முதல் நாள் அதில் என் விரல் நுழைந்தது. மூன்றாம் நாள் கை. சித்தப்பா மண்ணைப் போட்டு மிதித்தார். மறுநாள் போய்ப் பார்த்தால், போட்ட மண் உள்ளே இறங்கிப்போயிருந்தது.

அன்று வெயில் அடித்தது. "தண்ணி எறங்குது. இனிப் பயமில்ல" என்றார் சித்தப்பா.

எனக்கு அப்போதுதான் பயமே தொடங்கியது. வெள்ளம் கரையை முட்டி நிற்கிற வரைக்கும் அதைத் தண்ணீரே தாங்கிக்கொண்டிருக்கும். அது இறங்கிவிட்டால் ஊறிய மண்ணுக்குப் பிடிமானம் இல்லை.

மறுநாள் சின்னம்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போய், "கைக்கொழந்தையெ வெச்சுட்டு எங்க அம்மிணி போறது?" என்றார்.

அவர் கேட்பதற்கு முன்பே, விடிந்ததும் எங்கள் மேட்டுக்காட்டுக் குடிசையைக் கூட்டி, சாணி தெளித்து, விட்டத்தில் தூளி கட்டி, அவர்களுடைய எருமையையும் அங்கே ஓட்டிக்கொண்டுபோய்க் கட்டியிருந்தேன்.