சுப்பையன் திருப்பி அடிக்காத அடி

காஜா பேராங் சாலையில் கார் பட்டறை வைத்திருந்த சுப்பையனிடம் அடி வாங்காத ஆளைத் தேட வேண்டுமானால் அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும். கூலியில் பேரம் பேசியவன் வாங்கியிருக்கிறான். கொடுத்த திருப்புளியைத் திருப்பித் தராதவன் வாங்கியிருக்கிறான். ‘அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்பது அவனுக்குப் பழமொழி அல்ல, தொழில் தர்மம்.

அந்தக் கை சின்ன வயதிலேயே நீண்டுவிட்டது. ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கித்தா மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவன் அவன். ஒரு நாள் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்தான், இவனைத் திட்டியதோடு விடாமல், செத்துப்போன இவன் அம்மாவையும் இழுத்துத் திட்டினான். சுப்பையன் பால் வாளியைத் தூக்கி மண்டோரின் வாயில் அடித்தான். பால் ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம், மண்டோர் ஒரு பக்கம். அப்படியே கித்தாக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மலாக்காவுக்கு நடந்து வந்தவன்தான். ஜப்பான்காரன் காலத்தில் லாரிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றான். அந்தக் கத்தி இன்னும் பட்டறை மேசையில் கிடந்தது. தோல் வெட்டவும், ரப்பர் வெட்டவும் அதைவிட நல்ல கத்தி கிடையாது என்பான்.

அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் துணியவில்லை. இந்தக் கையில் பெண்ணைப் பிடித்துக் கொடுப்பதா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் அதே தெருவில் சேதுபதிக்குப் பெண் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சேதுபதி கள்ள டாக்ஸி ஓட்டுபவன். வெளியே பார்த்தால் வெள்ளைச் சட்டை, வாரிய தலை, வாய் நிறைய அண்ணே, தம்பி. வீட்டுக்குள் போனால் வேறு ஆள். அவன் மனைவி பூங்காவனமும் தோட்டத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகும் புக்கிட் காதில் பக்கம் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் சிறு தோட்டத்துக்கு மரம் வெட்டப் போய்வந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தால் நேற்றுச் சவாரி சரியில்லை என்று தெருவே தெரிந்துகொள்ளும். அவள் அலறல் சுப்பையனின் பட்டறைத் தகரக் கூரைவரை வரும். ஊரையே அடித்த சுப்பையன் ஒரு நாளும் அந்தக் கதவைத் தட்டியதில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் மூன்றாமவனுக்கு என்ன வேலை என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவான்.

ஐம்பத்தாறாம் வருஷம் பிப்ரவரி மாதம். லண்டனுக்குப் போன தலைவர்கள் திரும்பி வருகிறார்கள், பண்டார் ஹிலிர் திடலில் பேசப்போகிறார்கள், சுதந்திரம் எப்போது என்று சொல்லப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. சேதுபதிக்குச் சுதந்திரத்தைவிடச் சவாரி பெரிது. தோட்டங்களிலிருந்து திடலுக்கு ஆள் ஏற்ற வேண்டும். நாலு பேர் உட்காரும் இடத்தில் ஏழு பேரைத் திணிக்க வேண்டும். அவனுடைய பழைய வேன்கார்டு காரோ நாலு பேருக்கே பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும்.

“ஸ்பிரிங்கை ஏத்தி வுடுண்ணே. பின்னால ரெண்டு பட்டை கூடப் போடு. முன்னாலயும் கெட்டி ஸ்பிரிங்கா மாத்திடு. கூட்டத்தன்னிக்குக் காடி ஓடணும்,” என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போனான்.

பின்பக்க வேலை சீக்கிரம் முடிந்தது. லாரியிலிருந்து கழற்றிய இரும்புப் பட்டைகளைச் சேர்த்து முறுக்கினான். மாற்றிப்போட்ட பழைய பட்டை ஒன்று மேசைக்குக் கீழே கிடந்தது. மறுநாள் முன்பக்க ஸ்பிரிங்கை இறக்க டை ராடைக் கழற்றப் போனான். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் தள்ளுகிற கம்பி அது. அதன் நுனியில் நம் தோள்மூட்டைப் போல ஓர் இரும்புக் குண்டு, சுற்றிலும் கிரீஸ், மண்ணும் தண்ணீரும் புகாமலிருக்க மேலே ஒரு ரப்பர் உறை. அந்த உறை கிழிந்து, கிரீஸில் மண் ஒட்டியிருந்தது. இப்படியே ஓடினால் குண்டு தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும். வண்டி போகிற பக்கம் போகும்.

கந்தல் துணியால் துடைத்துப் பார்த்தான். கிழிசல் இல்லை, வெட்டு. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிந்து, ஒரு நூல் போலத் தோலை மட்டும் சீவியெடுத்த வெட்டு. உள்ளே இருக்கும் இரும்பில் ஒரு கீறல்கூட இல்லை. சாதாரணக் கத்தியால் குத்தியவன் இரும்பைக் கீறியிருப்பான். கித்தா மரத்தைக் காயப்படுத்தினால் கூலியில் பிடிப்பார்கள் என்று பயந்து பயந்து பழகிய கைதான் இவ்வளவு பதமாக வெட்டும். கொலைக்குப் போன இடத்திலும் அந்தக் கை பழக்கத்தை விடவில்லை.

சுப்பையன் இன்னும் உள்ளே எட்டிப் பார்த்தான். உறைக்குச் சற்று உள்ளே தள்ளித்தான் பிரேக் குழாய் தொங்கியது. அதுவும் ரப்பர்தான், அதுவும் கறுப்புதான். காருக்கு அடியில் ஒரு நாளும் படுக்காத பூங்காவனத்துக்கு எந்த ரப்பர் எது என்று எப்படித் தெரியும்? அவள் பிரேக்கை வெட்டத்தான் போயிருக்கிறாள். கைக்கு முதலில் கிடைத்ததை வெட்டிவிட்டாள்.

அடிப்பாவி, வண்டி நிறைய ஆட்களாயிற்றே என்று வாய்விட்டே சொன்னான்.

பழைய ட்யூபை ரப்பர் பாலால் ஒட்டி உறை செய்தால் கிரீஸ் பட்டு ஒரே மாதத்தில் ஊறிக் கூழாகிவிடும். பக்கத்தில் செருப்புத் தைக்கும் அப்துல் கய்யூம் பாயிடம் மெல்லிய தோல் ஒரு துண்டு வாங்கிவந்தான். கிண்ணம் போல வெட்டித் தைக்க வேண்டும். கித்தாக் கத்தியைக் கையில் எடுத்த நேரத்தில் சேதுபதி வந்து நின்றான்.

“என்னண்ணே இது?” வெட்டுப்பட்ட உறை மேசைமேலேயே கிடந்தது. மறைக்கத் தோன்றவில்லையே என்று சுப்பையன் பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

“உறை போயிருச்சு. தோல்ல தைக்கிறேன்.”

“போயிருச்சா? எவனோ வெட்டியிருக்கான்!” சேதுபதியின் முகம் மாறியது. “அந்தக் கலியாணசுந்தரம் பய வேலைதான் இது. என் சவாரியைப் பாத்து வயித்தெரிச்சல். இன்னிக்கு அவன் மண்டையப் பொளக்கல...” குனிந்து அந்தப் பழைய ஸ்பிரிங் பட்டையை எடுத்தான்.

கலியாணசுந்தரமும் கள்ள டாக்ஸிக்காரன்தான். யோக்கியன் என்று சொல்ல முடியாது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அவன் மண்டை உடைந்தால் உடைந்துவிட்டுப் போகட்டும் என்று சுப்பையன் வாயை மூடிக்கொண்டிருந்தான். ஆனால் சேதுபதி கிளம்பவில்லை. வெட்டின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினான். ஒரு தடவை. இன்னொரு தடவை.

“இது கித்தாக் கத்தி வெட்டு மாதிரியில்ல இருக்கு,” என்றான். குரல் தணிந்துவிட்டது. கத்துகிற சேதுபதியைத் தெரு அறியும். தணிந்த குரலில் பேசும் சேதுபதியை ஒருத்திதான் அறிவாள். அவன் கண் தன் வீட்டுப் பக்கம் திரும்பியது.

இன்னும் ஓர் அடி அவன் எடுத்து வைத்தால் அவள் பிணம் என்று சுப்பையனுக்குத் தெரிந்தது.

“நான்தான் வெட்டுனேன்,” என்றான்.

சேதுபதி திரும்பினான்.

சுப்பையன் கையிலிருந்த கித்தாக் கத்தியைத் தூக்கிக் காட்டினான். “இதாலதான். உறை போனா காடி திரும்பத் திரும்ப எங்கிட்டதான வரும்? வேலை இல்லாம கிடக்கேன்.”

பட்டறைக்காரன் ஒருவன் சொல்லக்கூடாத சொல் அது. அடி வாங்கினவர்கள்கூட, சுப்பையன் கை நீளும், ஆனால் வேலையில் கள்ளம் கிடையாது என்று சொல்லித்தான் வண்டியை விட்டுப்போவார்கள். அவனிடம் இருந்த சொத்து அந்தப் பேச்சு ஒன்றுதான். அதையே எடுத்துச் சேதுபதியின் காலடியில் போட்டுவிட்டான்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது, மேசைமேல் ஊன்றியிருந்த வலது கையில். இரும்புப் பட்டைக்கும் மரப்பலகைக்கும் நடுவில் விரல்கள் முறிந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. மூன்றாவது வாயில். சுப்பையன் பல்லைத் துப்பினான். அவன் இடது கைக்கு எட்டும் தூரத்தில் பெரிய சுத்தியல் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். அது தன்னைப் பார்ப்பது போலவும் இருந்தது. எடுக்கவில்லை. குற்றம் செய்தவன் திருப்பி அடிக்கமாட்டான். அடித்தால் சந்தேகம் வந்துவிடும். அதோடு, இவன் கோபமெல்லாம் இங்கேயே தீர்ந்துபோனால் வீட்டுக்குப் போகும்போது கொஞ்சமும் மிச்சமில்லாமல் போகாதா என்று ஒரு கணக்குப் போட்டான். பாவம், அடிதடியில் அத்தனை அனுபவம் இருந்தும் அந்தக் கணக்கு தப்பு என்று அவனுக்குத் தெரியவில்லை.

கய்யூம் பாய் ஓடிவந்து சேதுபதியைக் கட்டிப் பிடித்தார். “வுடுப்பா, செத்துருவான்!”

“நாளன்னிக்குக் காடி வேணும். தைச்சு வைடா, திருட்டு நாயே,” என்று பட்டையை வீசிவிட்டுச் சேதுபதி போனான். வாசலில் கூடி நின்றவர்கள் ஆளுக்கொரு தடவை, சுப்பையனா, சுப்பையனா என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

வெட்டுப்பட்ட உறையை முதலில் அடுப்பில் போட்டான் சுப்பையன். அது கருகி நாறி முடியும்வரை நின்று பார்த்தான். பிறகு பாய் தோலைப் பிடித்துக்கொள்ள, இடது கையால் ஊசியைக் கோத்துத் தைத்தான். மண் கலந்த கிரீஸை வழித்து, குண்டைக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, தோலைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினான். தையலில் அவன் வாய் ரத்தம் சொட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டுத்தான் பாய் விட்டார்.

“உண்மையச் சொல்லு, சுப்பையா. நீ வெட்டல,” என்றார்.

“நான்தான் பாய்,” என்றான்.

கூட்டம் நடக்கவிருந்த நாள் விடிந்தது. பட்டறைக் கதவருகில் பூங்காவனம் நின்றாள். மேலுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு காதில் தோடு இல்லை. தோடு இருந்த இடமே இல்லை.

“நேத்து காடிய எடுத்துக்கிட்டு ரொம்ப சந்தோசமா வந்தாருண்ணே. சுப்பையனையே அடிச்சுட்டேன், இனிமே எவன் இருக்கான்னு குடிச்சிட்டு வந்தாரு,” என்றாள். சுப்பையனின் துணி சுற்றிய கையைப் பார்த்தாள். அழவில்லை. “ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?”

“நீ வெட்டுனது பிரேக்கு இல்ல, புள்ள. வேற உறை. நல்ல வேளை.”

 “அப்ப பிரேக்கு எதுண்ணே?” என்று கேட்டாள். கடையில் சாமான் விலை கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.

சுப்பையன் வாசலுக்கே வந்துவிட்டான். “வண்டிக்குள்ள ஏழு பேர் உட்காருவாங்க தங்கச்சி! பிள்ளைங்களும் வரும்!”

“வீட்டுக்குள்ள நான் ஒருத்திதான,” என்றாள் பூங்காவனம். “அதான் யாரும் வரல.”

சுப்பையனுக்கு வெட்கமாக இருந்தது. திருப்புளிக்காக அடித்தவன், காசுக்காக அடித்தவன், செத்த அம்மாவுக்காக அடித்தவன். இத்தனை வருஷம் தகரக் கூரைமேல் விழுந்த அந்த அலறலுக்காக ஒரு தடவை எழுந்து போனவனில்லை. கொடுத்ததெல்லாம் வீண் அடி, வாங்கினதும் வீண் அடி என்று தோன்றியது. மேசைக்குக் கீழே குனிந்து அந்த ஸ்பிரிங் பட்டையை இடது கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

சேதுபதி வீட்டு வாசலில் வேன்கார்டு நின்றது. முதல் நடையாகத் தெருக்காரர்களையே ஏற்றிக்கொண்டிருந்தான். உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சேதுபதி வலது கையைக் கார்க் கதவின்மேல் ஊன்றி, இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது என்று கூவிக்கொண்டிருந்தான். சுப்பையன் எச்சரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பட்டையை ஓங்கி அந்த மணிக்கட்டில் இறக்கினான். சேதுபதி போட்ட அலறலில் காருக்குள் இருந்தவர்கள் மறுபக்கக் கதவு வழியாக இறங்கி ஓடினார்கள். தரையில் விழுந்தவனின் அதே கையில் மறுபடி ஒரு போடு போட்டான். மூன்றாவதுக்கு ஓங்கியவன், கீழே கிடந்தவனின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தான். அதே பயத்தைத் தெருவில் போகும் பூங்காவனத்தின் கண்ணில் பார்த்தது அவனுக்கு நினைவு வந்தது. பட்டையைக் கீழே போட்டுவிட்டான்.

போலீஸ் வந்து கேட்டது. “முந்தாநாளு என்னை அடிச்சான். இன்னிக்கு நான் அடிச்சேன்,” என்றான் சுப்பையன். யாரும் சந்தேகப்படவில்லை. சுப்பையன் என்றால் அப்படித்தானே.

சாயங்காலம் லாக்கப்புக்குப் பூங்காவனம் ஒரு சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்தாள். தோளில் துணிப்பை. திடல் பக்கமிருந்து கூட்டத்தின் ஆரவாரம் கேட்டுக்கொண்டே இருந்தது. தேதி சொல்லிவிட்டார்கள் என்று காவலுக்கு நின்ற மலாய்க்காரப் போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

“அவன் எங்க?” என்றான் சுப்பையன்.

“ஆஸ்பத்திரில. கை எலும்பு இனிமே சேராதுன்னு டாக்டர் சொன்னாராம். வலது கை.”

“நீ?”

“தோட்டத்துப் பக்கம் போறேண்ணே. பஸ்ஸு நிக்குது.”

சுப்பையன் பையைப் பார்த்தான். “கத்தி?”

“உள்ளதான் இருக்கு,” என்றாள். “பொழைக்கணுமே. மரம் வெட்டத்தான்.”

அவள் போன பிறகு இடது கையால் பொட்டலத்தைப் பிரித்தான். இடது கையால் உண்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இந்நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இன்னொருவனும் இதே கூச்சத்தோடு இடது கையால்தான் உண்ண வேண்டும், பரிமாற வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தான். பிறகு பசியோடு சாப்பிட்டான்.