பொட்டு வைத்த கணினி

பாசிர் கூடாங்கில் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாகக் கணினிகள் வந்திருக்கின்றன. நேற்று அந்த அறையில் சரஸ்வதி பூஜை. புது பிளாஸ்டிக்கும் சூடமும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் நான் படித்த ரப்பர் தோட்டப் பள்ளியிலும் இதே வாடைதான். உறை போர்த்திய கணினிகளுக்கு ஆண்டுதோறும் சந்தனப் பொட்டு, பூ, சுண்டல். பெரிய மனிதர்கள் வந்தால் உறையை நீக்கி, எங்களை விசைப்பலகையில் கை வைக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். திரை கறுப்பாகவே இருக்கும்.

"அழுத்தாதடா, கெட்டுடும் லா!" என்று அதட்டுவார் தலைமையாசிரியர்.

கணினி ஒன்றும் கெடவில்லை. நாங்கள்தான் கெட்டோம். தொழிற்சாலையில் முதல் நாள், கணினியை எங்கே அழுத்தித் திறப்பதென்று தெரியாமல் விழித்தேன்.

"அலமாக்! ஸ்கூல்ல என்னதான் கத்துக்கிட்ட?" என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

கும்பிடக் கற்றுக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது?

நேற்று தீபாராதனை முடிந்ததும் மகள் ஒரு கணினியிடம் போய்க் கையை நீட்டினாள்.

"தொடாதம்மா, புதுசு," என்றார் ஆசிரியர்.

"சாமி ரூம் எங்க வீட்லயே இருக்கு சார்," என்றேன். பிறகு மகளிடம் சொன்னேன்: "நீ அழுத்தும்மா."