இஞ்சின் வராத விமானத்துக்கு நிறம் பூசியவர்

தொழிற்சாலையில் அவருக்குப் பச்சோந்தி என்று பெயர். குணத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. வாய்விட்டு ஒன்று சொன்னால் சொன்னதுதான், மாற மாட்டார். அவர் கைபட்டால் விமானம் நிறம் மாறும், அதற்காக வைத்த பெயர். இத்தனைக்கும் அவர் நிறம் மாற்றிக்கொண்டே இருந்தது ஒரே ஒரு விமானத்துக்குத்தான்.

இரண்டு நாடுகள் கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய போர் விமானம் அது. இறக்கையும் வாலும் கூட்டாளி நாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். உடலை இங்கே செய்து, எல்லாவற்றையும் இங்கேயே பூட்டுவார்கள். இஞ்சின் மட்டும் இரண்டு பேரிடமும் கிடையாது. மூன்றாவது ஒரு நாட்டிலிருந்து வர வேண்டும். சோதனைக்கென்று அந்த நாடு ஒரு கை விரலுக்குள் அடங்கும் அளவுக்கு அனுப்பியது. அதோடு கையை இறுக்கிக்கொண்டது. கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு.

“கூட்டுக்குடித்தனம் நல்லாத்தான் நடக்குது. அடுப்பு மட்டும் அடுத்த வீட்டுல இருக்கு” என்பார் போர்மேன்.

கொட்டகையில் விமானங்கள் வரிசையாக நின்றன. பார்க்க லட்சணமாக இருக்கும். பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தால் குகை மாதிரி வெறுமை. இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் எடைக்காக இரும்புக் கட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த வாயைச் சிவப்புத் துணி உறையால் மூடியிருப்பார்கள்.

வெளிநாடுகளுக்கு விற்றால் வழி பிறக்கும் என்று மேலே இருந்தவர்கள் நம்பினார்கள். வாங்குகிறவன் கையெழுத்துப் போட்டுவிட்டால், இஞ்சின்கார நாடும் லாபத்தைப் பார்த்து இளகும். ஆனால் வாங்க வந்தவர்களோ இஞ்சின் எங்கே என்று கேட்டார்கள். அடுத்தவனுக்கு விற்பதற்கே இஞ்சின்காரன் சம்மதிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் வேறு இருந்தது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

அதற்காக வருகிறவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? வரிசையில் முதலில் நின்ற விமானத்தை வருகிற நாட்டின் படைக்கு ஏற்ற நிறத்தில் பூசி நிறுத்துவார்கள். பாலைவனக்காரர்கள் வந்தால் மணல் நிறம். காட்டு நாட்டுக்காரர்கள் வந்தால் பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக. தொழிலாளிகள் அந்த விமானத்துக்கு ‘மூத்த பொண்ணு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “இன்னிக்கும் மூத்தவளப் பாத்துட்டு, ஊருக்குப் போய் சொல்றோம்னு கிளம்பிட்டாங்க” என்று கேன்டீனில் பேச்சு ஓடும். மறுநாளே பச்சோந்தி மருந்து ஊற்றிப் பழைய நிறத்தைச் சுரண்ட ஆரம்பித்துவிடுவார்.

அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பூச்சு அறைக்குள் உடலெங்கும் மூடிய உடுப்பு, முகமூடி, அதற்கு வெளியிலிருந்து குழாய் வழியாக வரும் சுத்தமான காற்று. பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியைப் பிடித்துக் கையை ஒரே சீராக இழுத்தால் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு தோல் படரும். துணைக்கு நின்றவன் அவர் மனைவியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாத அவனை அக்காதான் எடுத்து வளர்த்தாள். எப்போதும் உதட்டில் ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே இருப்பதால் அவன் பெயரே ‘சீட்டி’ ஆகிவிட்டது. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், துப்பாக்கி பிடிக்கப் பழக்கியதும் அவர்தான். குடியிருப்பில் மூன்று பேருக்கும் ஒரே வீடு.

இருமல் முதலில் சும்மா வந்து போனது. பிறகு மாடிப்படி ஏறினால் வந்தது. பிறகு படுத்தாலும் வந்தது. மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். அவளே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ஒரு கருவியில் ஊதச் சொன்னார், மறுபடி ஊதச் சொன்னார். “பெயிண்ட் வேலையா? அந்த ஆவி உங்க உடம்புக்கு இப்ப விஷம். கொஞ்சம் உள்ள போனாக்கூட மூச்சுக்குழாய் மூடிக்கும். இனி அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது.”

“மாஸ்க் போட்டுக்கிறேன் டாக்டர்.”

“இத்தனை நாளும் போட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

அவரை நிறம் கலக்கும் அறைக்கு மாற்றினார்கள். துப்பாக்கி சீட்டியின் கைக்குப் போனது. கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, அவன் கை போகும் வாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவர் பொழுதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பெரிய இடத்து வரன் வந்தது. கடல் சூழ்ந்த ஒரு நாடு. கேட்ட எண்ணிக்கையும் பெரியது. இஞ்சின்கார நாட்டோடு அவர்களுக்கு நல்ல உறவு. அவர்கள் கேட்டால் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கூட்டாளி நாடோ ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இதுவும் தவறினால் விலகிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டதாகச் செய்தி. வாரக் கடைசிக்குள் மூத்தவளுக்கு நீலம் கலந்த சாம்பல் நிறம் பூசியாக வேண்டும்.

சொல்லி வைத்தாற்போல் முகமூடிக்குக் காற்று கொடுக்கும் இயந்திரம் நின்றுபோயிற்று. மாற்றுச் சாமான் கேட்டு எழுதியாயிற்று, வரவில்லை.

“வடிகட்டி மாஸ்க் இருக்குல்ல, அத வச்சு முடிச்சிடலாம்” என்றார் போர்மேன்.

“முழு விமானத்துக்கும் அது தாங்காது” என்றார் பச்சோந்தி. “கதவு, மூடி இப்படி சின்னச் சாமானுக்குத்தான் சரி. மெஷின் வரட்டும்.”

சத்தம் கேட்டு மேலாளரே இறங்கி வந்தார். நல்ல மனிதர். யாரையும் ஒருமையில் பேசாதவர். அன்று சவரம்கூடச் செய்யாத முகம். “அண்ணே, நான் உங்கள அதட்டல. கெஞ்சிக் கேக்குறேன். இதுவும் போச்சுன்னா இந்தக் கொட்டகைய மூடிடுவாங்க. எத்தன குடும்பம்னு உங்களுக்கே தெரியும்.”

பச்சோந்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சீட்டிதான் இடையில் வந்தான். “விடுங்க மாமா. அடிக்கடி வெளிய வந்து வடிகட்டிய மாத்திக்கிறேன். ஒரு நாள் வேலைதானே?”

அவன் ஏற்கெனவே உடுப்பை மாட்ட ஆரம்பித்திருந்தான். வேண்டாம் என்ற வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. “ரொம்ப நேரம் உள்ள நிக்காத மாப்ள” என்று மட்டும் சொன்னார்.

முதல் இரண்டு தடவை சொன்னபடி வெளியே வந்தான். முகம் வியர்த்திருந்தது. “நெஞ்சு லேசா பிடிக்குற மாதிரி இருக்கு மாமா. வெக்கையா இருக்கும்” என்றான். அந்தப் பிடிப்பு என்னவென்று அவருக்குத் தெரியும். போதும் என்று கையைப் பிடித்தார். “இந்த எறக்கைய பாதியில விட்டா கோடு விழுந்துடும். நீங்களே திட்டுவீங்க” என்று சிரித்துவிட்டு உள்ளே போனான்.

கண்ணாடி வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நேராகப் போய்க்கொண்டிருந்த கை இறக்கையின் நடுவில் கீழே சரிந்தது. நீலம் ஒரு வால் மாதிரி கோணலாக இழுபட்டது. சீட்டி முழங்காலில் உட்கார்ந்து முகமூடியைப் பிய்த்து எறிவது தெரிந்தது.

டாக்டரம்மா சொன்னதெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம் வரும்? ஒன்றும் மாட்டிக்கொள்ளாமல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்து வாசலில் போட்டு, அவரும் பக்கத்திலேயே விழுந்தார். இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். வழியிலேயே ஒருவருக்கு மூச்சு நின்றுவிட்டது.

அவர் கண் விழித்தபோது மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் உடலைத் துடைத்து, மாற்றுத்துணி போட்டு அனுப்பிவிட்டு வந்திருந்தாள். அழுது முடித்த கண். அவர் கையைப் பிடிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை.

“என்னங்க, ஒண்ணு கேக்கணும். அவன் உள்ள போறப்போ நீங்க ஏன் வேணாம்னு சொல்லல?”

குழாய் வைத்திருந்த மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டு அவர் சொன்னார்: “சொல்லியிருக்கலாம். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வேலை போயிடுமோன்னு இருந்துச்சு. சொல்லல.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடல் நாட்டுக்காரர்கள் சொன்ன தேதிக்கு வந்தார்கள். மிச்ச இறக்கையை யார் யாரோ சேர்ந்து பூசி முடித்திருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய், உறையை எடுக்கச் சொன்னாராம். யாரும் எடுக்கவில்லை, அவரே அவிழ்த்தாராம். இரும்புக் கட்டிகளைப் பார்த்தார், பழையபடி மூடினார். விருந்து சாப்பிட்டார்கள், கை குலுக்கினார்கள், போய்விட்டார்கள்.

பிறகு விசாரணை வந்தது. முந்தின நாள் போர்மேன் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “அண்ணே, தம்பி மாஸ்க்க சரியா மாட்டலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். போனவன் திரும்பப் போறதில்ல. உங்களுக்கு இந்த வீடு நிக்கும், உக்காந்து பாக்குற வேலையா ஒண்ணு கொடுப்பாங்க. பூசி மெழுகிடலாம்.”

“பூசுனதெல்லாம் போதும்” என்றாள் உள்ளிருந்து மனைவி.

மறுநாள் பச்சோந்தி நடந்ததை நடந்தபடி சொன்னார். இயந்திரம் நின்றது, மேலாளர் கெஞ்சியது, தான் வாயை மூடிக்கொண்டு நின்றது, எதையும் விடவில்லை. இடையிடையே மூச்சு வாங்க நிறுத்தியதால் வெகு நேரம் ஆனது. மேலாளர் எதிரில் உட்கார்ந்திருந்தார், மறுக்கவில்லை. இயந்திரக் கோளாறும் ஊழியரின் கவனக்குறைவும் சேர்ந்து நடந்த விபத்து என்று தீர்ப்பானது. மேலாளரை எங்கோ மாற்றினார்கள். உடல் தகுதியில்லை என்று பச்சோந்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். குடியிருப்பைக் காலி செய்தபோது சீட்டியின் சட்டைகளை அவள் ஆஸ்பத்திரித் துணிபோலவே மடித்துக் கட்டினாள்.

ஆஸ்பத்திரிக்கு அருகில் தரைத்தளத்தில் ஓர் அறை கிடைத்தது. போர்மேன் ஒருமுறை தேடி வந்தார். இஞ்சின்கள் வர ஆரம்பித்துவிட்டனவாம். வெளியே யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கூட்டாளி நாடு அதற்குள் விலகிவிட்டதாம். எல்லா விமானமும் இனி நம் படைக்கே. எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல்.

“மூத்தவ?” என்று கேட்டார் பச்சோந்தி.

“அவளையும் சுரண்டிட்டோம்ணே. அந்த எறக்கைய மட்டும் யாரும் தொடல. கடைசியில நானே சுரண்டினேன்.” போர்மேன் எழுந்து, சொல்லிக்கொள்ளாமலே வெளியே போனார்.

இப்போது பச்சோந்தி ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார். காலையில் இருவரும் சேர்ந்தே கிளம்புவார்கள். தெருமுனை மேட்டில் அவருக்கு நிற்க வேண்டியிருக்கும். அவளும் நின்று, செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, அவருக்கு மூச்சுத் திரும்பும்வரை நிமிராமலே இருப்பாள்.