குருமா சாப்பிட்டேன் என்று சொன்னவர்

போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் எனக்குப் பதினான்கு வருட வேலை. மலேசியாவில், ஜொகூரில் எந்தப் போலீஸ் நிலையம் என்று மட்டும் கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் என் கணவர் அதைக் "கொஞ்சம் காரம்" என்று நாசூக்காகச் சொல்வார். ஆபீசில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டு மாடியில் கழிவறைக் கதவை உடைத்து ஓர் ஆளை வெளியே தூக்கியிருக்கிறோம். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. அவருடைய அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து, மகன் தூங்குகிறான், எழுப்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது பயிற்சி வகுப்பில் ஃபெண்டானில் என்று ஒன்றைப் பற்றிச் சொல்லித் தருகிறார்கள். ஆளைச் சாய்க்கத் துளியூண்டு போதுமாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் கண்ணில் வரும். அதனால் பிடிபட்டவர்கள் சொல்லும் சாக்குப்போக்கு எதையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அப்படி இருந்தபோதுதான் ஒரு பஸ் டிரைவர் வந்து மாட்டினார். ஒரு காலையில் சாலைத் தடுப்பு போட்டு, குளுவாங்கிலிருந்து தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்களை நிறுத்தினோம். டிரைவர்களுக்கெல்லாம் சிறுநீர்ச் சோதனை. போத்தலில் சோதனைப் பட்டையை முக்கினால் இரண்டு கோடு தெரியவேண்டும். ஒரு கோடுதான் என்றால் சந்தேகம். கர்ப்பச் சோதனைக்கு நேர்மாறு. அவருக்கு ஒரு கோடு.

"மேடம், சத்தியமா நான் அதெல்லாம் தொட்டதே இல்ல," என்றார். நாற்பது வயதிருக்கும், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். "நேத்து மச்சினிச்சிக்கு நிச்சயதார்த்தம். மட்டன் குருமா ரெண்டு தடவ போட்டு சாப்பிட்டேன். கசகசா நெறைய அரைச்சு ஊத்துனது. அபின் செடியோட வெதைதானே அது. அது கூட டெஸ்ட்ல காட்டும்னு சொல்றாங்க."

"அப்படியாண்ணே? கீரை சாப்பிட்டிருந்தா கஞ்சான்னு காட்டியிருக்குமோ?" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நாங்கள் நிரப்பும் சோதனைப் படிவத்தில், முதல் நாள் என்ன சாப்பிட்டார், என்ன மருந்து எடுத்தார் என்று எழுத இரண்டு வரி இடம் உண்டு. அதைக் காலியாக விட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.

மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அவர் லாக்கப்பில் இருந்துவிட்டு மறுநாள் ஜாமீனில் போனார். பஸ் கம்பெனி அதற்குள் சாவியைப் பிடுங்கிவிட்டது. வெகு நாள் கழித்து அறிக்கை வந்தது. போதைப்பொருள் எடுத்ததற்கான அளவில் எதுவும் இல்லை. கோப்பை மூடினோம். ஆபீசில் மட்டும் "குருமா கேஸ்" என்று சொல்லிச் சிரிப்போம். அதிகம் சிரித்தது நான்தான்.

மறு வருடம் தீபாவளிக்குச் சாஆ என்ற ஊரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். குருமா என் பொறுப்பு. கசகசா விஷயத்தில் எனக்குக் கை தாராளம். மாமியாரே வாயைத் திறந்து பாராட்டும் ஒரே சமையல் அது. அன்று ஆசை தீரச் சாப்பிட்டேன். மறுநாள் காலை வேலைக்கு வந்து வரிசையில் நின்றால், முன்னறிவிப்பு இல்லாமல் எங்களுக்கே சோதனை.

என் பக்கத்து மேசையில் வருடக்கணக்காக இருக்கும் மலாய்க்கார சார்ஜண்ட் அம்மாதான், விதிப்படி, கழிவறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றார். இருவருக்கும் வெட்கம். பிறகு பட்டையை முக்கினார். "அலாமாக்," என்றார் மெல்ல, "ஐயோ" என்கிற மாதிரி.

ஒரு கோடு.

எத்தனையோ பேருக்கு அந்தப் பட்டையை நீட்டிக் காட்டியவள் நான். என் பெயர் ஒட்டிய போத்தலில் அதைப் பார்த்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டேன். போலீஸ் உடுப்பு போய்விடும், பிள்ளைகள் பள்ளியில் எப்படித் தலைநிமிர்வார்கள் என்று என்னென்னவோ ஓடியது. வாயிலிருந்து வந்த முதல் சொல் "குருமா."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சார்ஜண்ட் அம்மா எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு என்று பொறுமையாகக் கேட்டு, அந்த இரண்டு வரியும் போதாமல் ஓரத்திலும் எழுதினார். ஆய்வுக்கூடத்துக்கு அதிகாரியே போன் போட்டார். பதினோராம் நாள் அறிக்கை வந்தது. நான் தப்பித்தேன்.

அந்தப் பதினோரு நாளும் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, இஸ்திரி போட்ட அந்தச் சட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அறிக்கை வந்த வாரமே அந்த டிரைவர் எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனேன். குளுவாங் மார்க்கெட்டில் காய்கறி லாரியிலிருந்து கூடை இறக்கிக்கொண்டிருந்தார். நான் சீருடை போடாமல் போயிருந்தும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கூடையைக் கீழே வைத்தார்.

"மறுபடியும் டெஸ்டா மேடம்?"

இல்லை என்று சொல்லி, எனக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கம்பெனியில் வந்து நானே பேசுகிறேன் என்றேன்.

"பரவால்ல மேடம். அந்த பஸ்ஸுக்கு வேற ஆளு வந்துட்டாரு." பயத்தங்காய்க் கட்டைத் தட்டிச் சரி செய்தார். "உங்களுக்கு எத்தன நாள்ல ரிசல்ட் வந்துச்சு?"

"பதினோரு நாள்ண்ணே."

"எனக்கு ரெண்டு மாசத்துக்கு மேல." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க சாப்பிட்டத எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

தலையை ஆட்டினார். அடுத்த கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"நீங்களும் எழுதுவீங்கன்னு அன்னைக்கு உங்க பேனாவையே பாத்துக்கிட்டு நின்னேன் மேடம்."