மட்டம் என்று சொன்னது யார்?

கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் நாளை முதல் எனக்குக் காபி கசக்கட்டும். சந்தேகப்படுகிறவர்கள் முனிச்சாலைக்கு வந்து எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். சுவர் இன்னும் நிற்கிறது. அது நிற்பதே சாட்சி.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்கிறவர்கள் மதுரையின் மே மாத மதியத்தைப் பார்த்ததில்லை. தெருவில் ஒரு நாய் இருக்காது. காக்கை வாயைத் திறந்தபடி ஓட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும். ராத்திரியிலாவது கூர்க்கா வருவான்.

1998. என் மகன் கிரிதரனுக்கு ஆவணியில் கல்யாணம். அதற்காக வீட்டில் மராமத்து வேலை. அடுப்படிக்கு டைல்ஸ், குளியலறைக்குப் புதுக் குழாய்... அதுவரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கூடத்துச் சுவரை இடித்து, பின்னறையோடு சேர்த்துப் பெரிய ஹாலாக்க வேண்டும் என்று அம்மாவும் பிள்ளையும் முடிவு செய்துவிட்டார்கள். அந்தச் சுவரில்தான் என் படங்கள் இருந்தன. இருபத்துமூன்று படங்கள். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, பாஸ் கிடைத்தபோதெல்லாம் ஊர் ஊராகப் போய் நானே எடுத்தவை. குற்றாலம், கீழக்குயில்குடித் தாமரைக் குளம், அகும்பே மழை, தனுஷ்கோடிக் கடல். வைகையில் தண்ணீர் ஓடும் படம்கூட ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் நம்புவதில்லை.

எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"படங்களை எங்கே மாட்டுவது?" என்றேன்.

"பரண்ல இடம் இருக்கு" என்றாள் என் மனைவி ஹம்சவேணி.

"பரணா? அகும்பே மழையையா?"

"ஊரெல்லாம் சுத்தி இருபத்துமூணு எடுத்தீங்களே, ஒண்ணுலயாவது நான் இருக்கேனா?"

இயற்கைக் காட்சி என்றால் இயற்கை மட்டும்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அதற்குப் பிறகு அந்தச் சுவருக்காகப் பேச வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. மே 15, வெள்ளிக்கிழமை இடிப்பது என்று நாள் குறித்தார்கள். என் பிணத்தைத் தாண்டித்தான் கடப்பாரை வரும் என்று சொல்லிப் பார்த்தேன். கிரிதரன் டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. கொத்தனார் சின்னான், சித்தாள் தங்கப்பொண்ணு. இருவரும் டி. கல்லுப்பட்டிப் பக்கத்து ஆட்கள். பன்னிரண்டரைக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வேப்பமரத்துக்குப் போய்விடுவார்கள். அடுப்படி இடிந்து கிடந்ததால் ஹம்சவேணி சமையலுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் அக்கா வீட்டுக்குப் போவாள். கிரிதரன் ஆபீஸ். நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு, படங்களுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, ஒவ்வொன்றாக ரசிப்பேன். இன்னும் நாலு நாள்தானே.

செவ்வாய்க்கிழமை. மதியம் 12:40.

டக்... டக்... டக்...

கரண்டிக் காம்பால் செங்கல்லைத் தட்டி உட்கார வைப்பார்களே, அந்தச் சத்தம். பக்கத்து வீட்டில் என்று நினைத்தேன். நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் தனுஷ்கோடிப் படம் சாய்ந்திருந்தது. வலது ஓரம் இரண்டு விரற்கடை கீழே. மற்ற இருபத்திரண்டும் அப்படியே.

எழுந்து நேராக்கினேன். அப்போது ஒரு வாசனை வந்தது. ஈரச் சுண்ணாம்பு. எங்கள் வீட்டில் நடந்தது சிமெண்ட் வேலை. சுண்ணாம்பு ஒரு கைப்பிடி கிடையாது.

புதன்கிழமை. 12:40.

டக்... டக்... டக்...

தனுஷ்கோடி மறுபடி சாய்ந்திருந்தது. அதே வலது பக்கம். அதே இரண்டு விரற்கடை. சட்டத்தின் மூலையில் வெள்ளையாகக் கட்டைவிரல் ரேகை. தொட்டேன். ஈரம்.

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. ஆண் குரல். வயதான குரல். அவசரமில்லாமல், ஒரே ஒரு வார்த்தை.

"மட்டம்."

திரும்பினேன். யாரும் இல்லை. கதவு உள்பக்கம் தாழிட்டபடி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குள் ஒருவர் தமிழில் பேசினால், அவர் வெளியாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை. ஆனால் அது அரை நிமிஷம்தான். அப்புறம் கோபம் வந்தது. பதினாலு வருஷமாக அந்தப் படத்தைப் பார்க்காத உறவுக்காரன் இல்லை. "ஆகா" என்று சொல்லாதவனுக்கு எங்கள் வீட்டில் இரண்டாவது காபி கிடைத்ததில்லை. அதைப் போய் மட்டம் என்பதா?

"யாருடா அது?" என்றேன், அதற்குப் புரியட்டும் என்று தமிழிலேயே. "மட்டமாம் மட்டம்! நீ ஒரு படம் எடுத்துக் காட்டுடா பாப்போம்! எதிர்ல வந்து சொல்லு!"

சுவருக்குள்ளிருந்து...

டக்.

சாப்பிட்டு வந்தவர்களிடம் சொன்னேன். தங்கப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இம்புட்டு நாளும் நாங்க மருவாதிக்காகச் சொல்லாம இருந்தோம் சார். பேயி வெளிப்படையாச் சொல்லிருச்சு."

"சும்மா இரு புள்ள" என்றார் சின்னான். "வெயிலு சார். மோரு குடிச்சிட்டுப் படுங்க. வெள்ளிக்கெழம சுவரு போயிரும், எல்லாம் சரியாப் போகும்."

சுவர் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். என் படத்தைப் பழித்தவன் ஜெயித்தவனாகப் போய்விடுவான். என் படங்கள் பரணில் கிடக்கும். விடுவேனா?

வியாழக்கிழமை. மே 14. கடைசி நாள்.

தனுஷ்கோடிப் படத்தைச் சட்டத்தின் நாலு மூலையிலும் ஆணி அடித்துச் சுவரோடு பொருத்தினேன். ஒன்றரை அங்குல ஆணிகள். ரீப்பர் கட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தேன்.

12:38. மின்விசிறி நின்றது. கரண்ட் போயிருக்கலாம். சாட்சி சொல்லும்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

12:39. சுண்ணாம்பு வாசனை.

12:40.

டக்... டக்... டக்...

முதல் ஆணி வெளியே வந்தது. யாரோ பல்லால் கடித்து இழுப்பதைப் போல... மெதுவாக.

டிங்.

இரண்டாவது.

டிங்.

மூன்றாவது.

என் கண் முன்னால் படம் அசைந்தது.

ஒரு விரற்கடை...

இரண்டு...

நின்றது.

மூச்சு. என் காதுக்குப் பக்கத்தில். சுண்ணாம்பு மூச்சு.

"மட்டம்."

"போடா!" என்று கத்தினேன். ரீப்பர் கட்டையைச் சுழற்றினேன். அது காற்றில்தான் பட்டது. ஆனால் நான் ஓடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, கடலைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் அதற்கு எடுத்துச் சொன்னேன். சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கிறது. கதவைத் தட்டினார்கள். திறந்தேன். சின்னானும் தங்கப்பொண்ணும் சோற்றுக் கையோடு நின்றார்கள்.

"பாரு சின்னான்! கோணலா மாட்டிவச்சுட்டு, என் படத்த மட்டம்ங்குது!"

சின்னான் கீழே கிடந்த ஆணிகளைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு ரசமட்டத்தை எடுத்து வந்தார். கொத்தனார் வழக்கம் அது. எது கோணல் என்றாலும் முதலில் அளந்து பார்ப்பார்கள். சட்டத்தின் மேல் வைத்தார். குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடியது.

"கோணலுதான்" என்றார்.

பிறகு எதையோ யோசித்தார். ரசமட்டத்தைக் கண்ணாடி மேல் வைத்தார். கடலும் வானமும் சேரும் கோட்டில்.

குமிழி நடுவில் வந்து நின்றது. இம்மி நகரவில்லை.

சின்னான் தன்னை அறியாமல் சொன்னார்:

"மட்டம்."

அதே குரல் இல்லை. ஆனால் அதே தொனி.

பதினாலு வருஷத்துக்கு முன் ஒரு பாதம் மணலில் புதைந்திருக்க நின்று எடுத்த படம் அது. சட்டம் நேராக இருந்தவரை கடல் சாய்ந்திருந்தது. நானும் பார்க்கவில்லை, "ஆகா" என்றவர்களும் பார்க்கவில்லை. அது பழிக்கவே இல்லை. மூன்று நாளாக என் கடலை நேராக்கிக்கொண்டிருந்தது.

"இந்தச் சுவத்த யாரு சார் கட்டுனது?" என்றார் சின்னான். குரல் இறங்கியிருந்தது.

"அம்பத்தொம்பதுல, எங்க அப்பா காலத்துல. கண்ணுச்சாமின்னு ஒரு கொத்தனார்."

தங்கப்பொண்ணு வாசல்வரை பின்வாங்கினாள். இப்போது சிரிக்கவில்லை.

"பேரையூரு கண்ணுச்சாமியா?" என்றார் சின்னான். "எங்க பெரியப்பாவுக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவரு சார். மட்டம் பாக்காம ஒரு கல்லு வைக்க மாட்டாராம். முனிச்சாலையில ஒரு வீட்டு வேலையில, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், சாரத்துலருந்து விழுந்து செத்துட்டாருன்னு பெரியப்பா சொல்லிருக்காரு. எந்த வீடுன்னுதான் தெரியாம இருந்துச்சு."

கரண்டியைக் கழுவிப் பையில் போட்டார்.

"அடுப்படிய முடிச்சுத் தாரேன். இந்தச் சுவத்துல நான் கை வைக்க மாட்டேன்."

ஹம்சவேணி மூன்று கொத்தனார்களை மாற்றி மாற்றிக் கூட்டி வந்தாள். ஒவ்வொருவரையும் வாசலிலேயே உட்கார வைத்து, மோர் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். மூவரும் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் கல்யாணத்துக்குக் கொல்லைப்புறத்தில்தான் பந்தல் போட்டோம். அடுப்படி முடிந்த நாளிலிருந்து சத்தம் இல்லை, வாசனை இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. இருபத்துமூன்று படங்களும் சுவரில் இருக்கின்றன. தனுஷ்கோடி மட்டும் இரண்டு விரற்கடை சாய்ந்து. நேராக்க யார் கை நீட்டினாலும் தட்டிவிடுவேன், சம்பந்தியாக இருந்தாலும் சரி.

சின்னானிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: எங்கள் சுவரைக் கட்டிய கண்ணுச்சாமி கொத்தனார் வாழ்நாளில் ஒரு சாரத்திலிருந்தும் விழுந்ததில்லை; இப்போது எண்பத்தொரு வயதில் பேரையூரில் மகள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார், வருஷா வருஷம் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார்.